லைன்லாஸ் சொன்ன இரண்டு எண்கள்

எந்தக் கேள்விக்கும் ஒற்றை எண்ணில் பதில் சொல்லாமலே ஐம்பத்தெட்டு வயசு வரைக்கும் சர்க்கார் சம்பளம் வாங்கிய மனுஷர் இந்த உலகத்தில் ஒருத்தர்தான் இருந்திருக்கிறார். அவர் எங்கள் லைன்லாஸ். கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். கையில் கடிகாரம் கட்டியிருப்பார். மணி என்ன சார் என்று கேட்டால், "பத்தே காலுக்கும் பத்தரைக்கும் நடுவுல" என்பார். கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லுங்களேன் என்று நான் எரிந்து விழுந்தால், பார்த்துத்தான் சொல்கிறேன், இது வேகமாக ஓடுகிறதா மெதுவாக ஓடுகிறதா என்று உனக்குத் தெரியுமா என்று என்னையே மடக்குவார்.

கள்ளக்குறிச்சி கரண்டாபீஸில் நான் கிளார்க்காக இருந்த காலம் அது. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் எங்கள் பக்கம் கொதித்துக்கொண்டிருந்தது. காலையில் பஸ் ஓடும், மத்தியானம் ஓடாது. நேற்று ரோட்டோரம் நின்ற புளியமரம் இன்றைக்கு ரோட்டில் படுத்திருக்கும். எனக்கு முப்பது வயசு. வாய் அப்போதே நீளம். லைன்லாஸுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு, சம்பளப் பட்டியலில் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அவருடைய வேலை, காணாமல் போன கரண்டைக் கணக்குப் போடுவது. சப்-ஸ்டேஷனிலிருந்து ஒரு லைனில் இவ்வளவு கரண்ட் அனுப்பினோம், ஊர்களில் இவ்வளவு செலவாச்சு, நடுவில் கம்பி சூடாகியும் எவனாவது கொக்கி போட்டுத் திருடியும் எவ்வளவு போச்சு? அதற்குப் பேர்தான் லைன் லாஸ். கேட்க சுலபமாக இருக்கிறது இல்லையா? வீடுகளில் மீட்டர் உண்டு, சரி. வயல் மோட்டார்களுக்கு மீட்டரே கிடையாது. எங்கள் பக்கம் வீட்டை விட மோட்டார் ஜாஸ்தி. போதாக்குறைக்கு, கல்வராயன் மலையடிவாரம் வரைக்கும் போகிற லைனில் ஒரு சர்க்கரை ஆலை இருந்தது. கரும்புச் சக்கையை எரித்துத் தனக்கு வேண்டிய கரண்டைத் தானே செய்துகொண்டு, மிச்சத்தை எங்கள் கம்பியில் தள்ளிவிடும். எவ்வளவு தள்ளும் என்பது கரும்பு வருவதைப் பொறுத்தது, சக்கை காய்ந்ததா ஈரமா என்பதைப் பொறுத்தது, பாய்லர்காரர் அன்றைக்கு வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தாரா என்பதையும் பொறுத்தது. ஆலையில் மீட்டர் ஒன்று இருந்தது. அதன் கண்ணாடிக்குள் ஆவி படிந்து, எண் தெரிவது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்ததாக இருந்தது.

லைன்லாஸ் அந்த மீட்டரை நம்ப மாட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஆலை வாசலில் நிற்கிற கரும்பு வண்டிகளை எண்ணுவார். சக்கையைக் கையில் எடுத்துப் பிழிந்து பார்ப்பார். அப்புறம் வயல்வெளிக்கு இறங்கி, மோட்டார் தண்ணீர் கொட்டுகிற குழாயின் வாய்க்குள் விரலை விட்டுத் தடவுவார். பாசி வழவழவென்று இருந்தால் மோட்டார் கம்மியாக ஓடியிருக்கிறது, இல்லாவிட்டால் ஜாஸ்தி. விவசாயி நாலு மணி நேரம் ஓட்டினேன் என்பார். லைன்லாஸ் நோட்டில் 'நாலிலிருந்து ஒன்பது' என்று எழுதுவார்.

அந்த நேரத்தில் யார் எத்தனை பேர் என்கிற பேச்சுதான் ஊரெல்லாம். நோட்டும் பென்சிலுமாக ஒருத்தர் வந்து எத்தனை, எத்தனை என்று கேட்டால் ஜனங்கள் என்ன நினைக்கும்? நைனார்பாளையத்தில் ஒரு பெரியவர் இவரை உட்காரவைத்து மோர் கொடுத்து, தன் பங்காளி வகையறா முழுக்கத் தலைக்கட்டு வாரியாகச் சொல்லி முடித்துவிட்டு, ஒரு பேர்கூட விட்டுடாதீங்க என்று கெஞ்சியிருக்கிறார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு இவர், "உங்க ஜாதி வாணாங்க எனக்கு. மோட்டாரு எத்தினி எச்.பி., அத மட்டும் சொல்லுங்க" என்றாராம். குடித்த மோரைத் திருப்பிக் கேட்காததுதான் பாக்கி.

வீட்டிலும் இதே கதைதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று அவர் சம்சாரம் கேட்டால் 'மூணுலேர்ந்து ஏழு' என்பார். அந்த அம்மா வாய் பேசாமல் பத்துப் பேருக்கு உலை வைப்பார். ரேஷன் கார்டு எழுத வந்தவர் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, 'நாலு, மாமியா வந்தா அஞ்சு, மாமியாளோட தங்கச்சியும் வந்தா ஆறு' என்று சொல்லி, அந்த மனுஷர் கார்டில் மூன்று தடவை அடித்துத் திருத்தி, கடைசியில் அவர்களுக்குக் கார்டே ஆறு மாசம் கழித்துத்தான் வந்தது.

ஊரில் அவர் மதித்த ஒரே வர்க்கம் ஜோசியர்கள். கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் முகூர்த்தத்தைத்தான் படிப்பார். 'காலை 9 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்' என்று இருக்கும். பார்த்தாயா, இவ்வளவு பெரிய காரியத்துக்கே ரெண்டு நம்பர்தான் போடுகிறார்கள், நம்ம ஆபீஸ்காரர்கள்தான் ஒன்று போடு, ஒன்று போடு என்று உயிரை வாங்குகிறார்கள் என்பார்.

உயிரை வாங்கியது வேறு யாருமில்லை, நான்தான். மாசா மாசம் மேலிடத்துக்குப் போகிற அறிக்கையில் லாஸ் எவ்வளவு என்பதற்கு ஒரே ஒரு கட்டம். அவர் அதில் ரெண்டு எண்ணை நெருக்கி எழுதிக் கொண்டுவந்து கொடுப்பார், கீழே ஒன்று, மேலே ஒன்று. நான் ரெண்டையும் கூட்டி ரெண்டால் வகுத்து நடு எண்ணைப் போட்டு அனுப்புவேன். ஒற்றை எண் சொன்னால் என்ன கொள்ளை போகிறது என்று ஒருநாள் சண்டைக்கே போனேன். "ஒண்ண சொல்லிட்டா, மீதி நம்பருக்கெல்லாம் யாரும்மா பதில் சொல்றது?" என்றார்.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. மீட்டர் பார்க்கப் போகிற ஆள், வீடு பூட்டியிருந்தால் 'பூட்டு' என்று குறித்துக்கொண்டு வருவார். அந்த வீட்டுக்குப் போன மாசத்து அளவையே போட்டுவிடுவோம். அடுத்த தடவை கதவு திறந்திருக்கும்போது சரியாகிவிடும், யாருக்கும் ஒன்றும் இல்லை. ஒரு மாசம் மறியல் பலமாக நடந்தது. ஆலைக்கு மீட்டர் பார்க்கப் போன ஆள், ரோடெல்லாம் மரமாகக் கிடக்கிறது என்று பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார். பார்த்து அந்த மாசம் லைன்லாஸுக்கு மஞ்சள் காமாலை. எத்தனை நாள் விடுப்பு என்கிற இடத்தில் 'பத்திலிருந்து இருபது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் கீழாநெல்லி குடித்துக்கொண்டிருந்தார். அறிக்கை அனுப்பக் கடைசி நாள். பூட்டிய வீட்டுக்குச் செய்வதை நான் ஆலைக்கும் செய்தேன். ரெஜிஸ்டரில் போன மாசத்து எண்ணுக்குக் கீழே 'மேற்படி' என்று எழுதினேன். டைப்பிஸ்ட் அக்கா அதைப் பார்த்து எண்ணை முழுசாக அடித்தார். ஹெட்கிளார்க் ஒரு கையெழுத்துப் போட்டார், போய்விட்டது.

ரோட்டை அடைத்தால் கரும்பு வராது. கரும்பு வராவிட்டால் சக்கை ஏது, சக்கை இல்லாவிட்டால் ஆலையிலிருந்து கரண்ட் ஏது? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வெட்டிப் போட்ட மரங்களைத் தாண்டிக் குதித்துத்தான் நான் தினமும் ஆபீஸுக்கு வந்தேன். எனக்குத் தோன்றவில்லை.

ஆலை கொடுக்காத கரண்டைக் கொடுத்ததாக எழுதினால் என்ன ஆகும்? லைனுக்குள் போன கரண்ட் கணக்கில் உப்பிவிட்டது. ஊர்களில் செலவானது எப்போதும் போலத்தான். ஆகவே நடுவில் ஏராளமாகக் காணாமல் போயிருக்கிறது என்று அறிக்கை சொன்னது. மேலிடத்துக்கு உடனே மூக்கு வேர்த்தது. திருட்டு, கொக்கி. மறியல்காரர்கள் மேடைக்கு ட்யூப்லைட்டும் ஸ்பீக்கரும் போட்டார்களே, அதற்கெல்லாம் நம் கம்பியில்தான் மாட்டியிருக்கிறார்கள், அந்த லைனைப் பார்க்கிற ஒயர்மேன் கண்ணை மூடிக்கொண்டிருந்திருக்கிறான் என்று முடிவு கட்டி, மாணிக்கத்தை சஸ்பெண்டு செய்துவிட்டார்கள்.

மாணிக்கம் பதினோரு வருஷம் தினக்கூலியாகக் கம்பம் சுமந்தவர். அவர் குடும்பத்தில் எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போகிறவர்கள், மாசச் சம்பளம் என்று ஒன்றைப் பார்த்த முதல் ஆள் அவர்தான். அந்த வருஷம்தான் வேலை நிரந்தரமாகியிருந்தது, சோதனைக் காலம்கூட முடியவில்லை. விசாரணையில் குற்றம் என்று முடிவானால் வேலை போய்விடும், மறுபடி தினக்கூலியாகக்கூட உள்ளே விட மாட்டார்கள். அவர் என் மேஜை ஓரமாக வந்து நின்றார். கையில் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலத் துண்டைச் சுருட்டிப் பிடித்திருந்தார்.

"யக்கா, நா யாரையும் கொக்கி போட வுடலக்கா. நீங்கனாச்சும் நம்புறீங்களா?"

நம்புகிறேன் என்று ஃபைலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவ்வளவு நீளமான என் வாய், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதற்குள் விஷயம் புரிந்திருந்தது. ஆலை திரும்ப ஓட ஆரம்பித்த முதல் நாளே அந்த மீட்டர் புகைந்து எரிந்துபோயிருந்தது, இனிமேல் அதைப் பார்த்து எதையும் சரிசெய்ய முடியாது. ஆலையில் கேட்டால், பார்த்துச் சொல்கிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். என் 'மேற்படி' ஒன்றுதான் மிச்சம். சொன்னால் என் வேலை போய்விடுமோ என்று பயம். ராத்திரி தூங்கவில்லை, காலையில் சொல்லவும் இல்லை. கோழை என்றால் அதுதான்.

லைன்லாஸ் வேலைக்குத் திரும்பினார், கண்ணில் இன்னும் மஞ்சள் போகவில்லை. ரெஜிஸ்டரைக் கொண்டா என்றார். அந்தப் பக்கத்தை வெகு நேரம் பார்த்தார், பென்சிலால் காதைக் குடைந்தார், மூடிவைத்தார். என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. கண் மங்கலில் எழுத்து தெரியவில்லை போலிருக்கிறது என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். பாவி நான். சாயங்காலம் மறுபடி ஒரு விடுப்புக் கடிதம் கொடுத்தார், மூன்றிலிருந்து நாலு நாள் என்று.

விசாரணை வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை மறுபடியும் மறியல், மறுபடியும் ரோட்டில் மரம். அந்த ரோட்டில்தான் லைன்லாஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மலையடிவாரத்துப் பக்கம் கிளம்பியிருக்கிறார். அவர் போன வழியெல்லாம் நடந்ததை ஊர் ஊராகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். ஒவ்வொரு மரத்துக்கும் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு இவர் ஏறிக் குதிக்க வேண்டும். ஐந்தாவது மரத்தில் மறியல்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். யார், எந்தப் பக்கம், எங்கே போகிறாய் என்று கேட்டு, கடைசியில் ஒரு ஆள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எங்கள் ஜனங்களுக்கு எத்தனை சதவீதம் கொடுக்கலாம், நீயே சொல் என்றிருக்கிறார்.

வேறு யாராக இருந்தாலும் கை கூப்பியிருப்பார்கள். இவர் சாய்ந்து கிடந்த மரத்தின் மேல் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். எந்தெந்த ஊரில் எத்தனை தலைக்கட்டு என்று அவர்களையே கேட்டு எழுதினார். கூட்டினார், கழித்தார், பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். கொறஞ்சது இவ்ளோ, ஜாஸ்தின்னா இவ்ளோ என்று ரெண்டு எண்ணைச் சொன்னார். கீழ் எண்ணைக் கேட்டதும் அடிக்க வந்தார்கள். மேல் எண், அவர்கள் போராடிக் கேட்டுக்கொண்டிருந்ததை விட ஜாஸ்தியாக இருந்தது. டீ வாங்கிக் கொடுத்து, ரெண்டு ஆளைக் கூட அனுப்பி, அடுத்த ஊர் வரைக்கும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய் விட்டார்கள். அதற்கப்புறம் சைக்கிள் ஒரு டீக்கடையில் நின்றுவிட, மனுஷர் நடக்க ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் ஹாலில் விசாரணை. கடலூரிலிருந்து வந்த அதிகாரி நாற்காலியில் இருந்தார், மாணிக்கம் சுவர் ஓரமாக நின்றார். நான், டைப்பிஸ்ட் அக்கா, ஹெட்கிளார்க் மூன்று பேரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். லைன்லாஸ் உள்ளே வந்ததைப் பார்த்து அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு உத்தரத்திலிருந்து ஒரு கம்பி தொங்கும். அடியில் வளைந்து நுனி கூராக இருக்கும். வீட்டுக்கு வருகிற காகிதம் அத்தனையும் அதில் குத்திவிடுவார்கள். லைன்லாஸின் ரெண்டு தோளிலும் அப்படிப்பட்ட கம்பிகள், காகிதத்தோடு தொங்கின. நான் எண்ணினேன், பதினேழு. கரும்பு வண்டி ஆலைக்குள் நுழைந்தால் எடை போட்டுத் தேதியோடு ஒரு சீட்டு தருவார்களே, அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. சீட்டை உருவினால் வரிசை கெட்டுவிடும், கம்பியோடு எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லி ஒவ்வொரு விவசாயியும் தன் வீட்டுக் கம்பியையே கழற்றிக் கொடுத்துவிட்டார்.

அதிகாரி ஒவ்வொரு கம்பியாகப் புரட்டினார். நடுநடுவே உரக் கடை ரசீது வந்தது, திருவிழா நோட்டீஸ் வந்தது, எட்டாம் வகுப்பு மார்க் அட்டை ஒன்று வந்தது, அதில் கணக்கில் பெயில். ஆனால் எல்லாக் கம்பியிலும் ஒரு விஷயம் ஒரே மாதிரி இருந்தது. மறியல் நடந்த நாட்களில் ஒரு எடைச் சீட்டுகூட இல்லை.

"ஆலை ஓடாம இருந்தது பன்னெண்டு நாள்லேர்ந்து பதினாலு நாளுங்க சார். அத கழிச்சி பாத்தீங்கன்னா, மாணிக்கத்தோட லைன்ல லாஸ் எப்பவும் போலத்தான். கொக்கியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அதிகாரி தானே ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். நல்ல மனுஷர், முகம் இளகியது. மாணிக்கம் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். முடிந்தது என்று நான் நினைத்தேன். அப்போதுதான் அதிகாரி அந்தக் கேள்வியைக் கேட்டார். ஓடாத ஆலை கரண்ட் கொடுத்ததாக இந்த எண்ணை எழுதியது யார்?

லைன்லாஸ் என் பக்கம் திரும்பவேயில்லை. மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தார்.

"ஒருத்தர்லேர்ந்து மூணு பேருக்குள்ள இருக்கும் சார்."

என் வலது பக்கம் டைப்பிஸ்ட் அக்கா, டைப் அடித்ததில்தான் தப்பு வந்துவிட்டதோ என்று முணுமுணுக்க ஆரம்பித்தார். இடது பக்கம் ஹெட்கிளார்க்குக்கு வியர்த்துக் கொட்டியது, ரிட்டயர் ஆக எட்டு மாசம் இருந்தது அவருக்கு. ரெண்டு பேரும் ஒரு பாவமும் அறியாதவர்கள். நான் எழுந்தேன். எழுந்தது நான்தானா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. பூட்டிய வீட்டுக்குப் போடுகிற மாதிரி ஆலைக்கும் போட்டேன், தெரிந்த பிறகும் பயந்துகொண்டு சொல்லவில்லை என்று அழாமல் சொல்லி முடித்துவிட்டேன்.

மாணிக்கம் என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. வெளியே வந்ததும், "வுடுங்கக்கா, வேலதான் வந்துட்ச்சே" என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னதுதான் தாங்கவில்லை. எனக்கு ஒரு மெமோ, மூன்று மாசம் மலை மேல் வெள்ளிமலை ஆபீஸில் வேலை. அதோடு போயிற்று. என் பயத்துக்குக் கிடைக்க வேண்டிய தண்டனை இதைவிடப் பெரிசு.

லைன்லாஸ் வராந்தாவில் உட்கார்ந்து கம்பிகளை ஊர் வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார், திருப்பிக் கொடுக்க வேண்டுமே. நான் போய் எதிரில் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார். அப்படி ஒரு கோபத்தை அந்த முகத்தில் நான் பார்த்ததேயில்லை.

"ஒன்ன யாரும்மா எழுந்துக்க சொன்னது?"

மாணிக்கத்துக்காக நீங்கள் இவ்வளவு தூரம் நடந்தீர்களே சார், நான் எழுந்திருக்காமல் எப்படி உட்கார்ந்திருப்பது என்றேன்.

"மாணிக்கத்துக்கா? அவன காப்பாத்த இம்மாம் தூரம் இன்னாத்துக்கு நடக்கணும்? ஒன் ரெஜிஸ்டர எடுத்து அந்த ஆபீசரு மூஞ்சிக்கு நேரா நீட்டினா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். மொத நாளே பாத்துட்டேனே."

அவர் கம்பியில் கண்ணை வைத்துக்கொண்டு முணுமுணுத்தார், ரெஜிஸ்டர் பேச்சே எழாமல் முடித்துவிடலாம் என்றுதான் ஊர் ஊராக அலைந்தாராம், நான் ஒரு நிமிஷத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேனாம். நடந்த நடை அத்தனையும் லாஸ், நூற்றுக்கு நூறு லாஸ் என்றார். அந்த வாயிலிருந்து ஒற்றை எண் வந்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பு ஒரு பக்கம் வார் அறுந்து சணல் கட்டியிருந்தது. குதிகால் ரெண்டும் கொப்புளம் உடைந்து, மண் ஒட்டி, காய்ந்துபோயிருந்தது. காமாலை கண்டு எழுந்த மனுஷர், கண்ணில் மஞ்சள்கூட மாறவில்லை. தினமும் நான் கேலி பண்ணியவர். குழாயடிக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து, வேண்டாம் வேண்டாம் என்று அவர் காலை இழுக்க இழுக்க, அந்த மண்ணைக் கழுவிவிட்டேன். பெற்றவர்களுக்கு அப்புறம் எனக்காக யாரும் அவ்வளவு தூரம் நடந்ததில்லை.